கொம்பரேல் பெயருக்கு வாழ்க்கைப்பட்டவள்

லபஸ்தித்தில் சந்தை நாளன்று நடுவில் நின்று கொம்பரேல் என்று கூப்பிட்டால் ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஊரில் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தார்கள். வண்டிப்பட்டறைக் கொம்பரேல், ஆட்டுக் கொம்பரேல், செவிட்டுக் கொம்பரேல். ஊருக்கு வெளியே ரயில்வே கேட்டைத் திறந்து மூடும் வேலை பார்த்த எலீஸுக்குக் கேட்டுக் கொம்பரேல் என்று பெயர்.

அது அவள் பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. ரெமோனைக் கட்டிக்கொண்டதில் வந்தது. கல்யாணம் பேச வந்தபோது பையனைப் பற்றி இரண்டு கேள்விதான் கேட்டார் அவளுடைய அப்பா. கொம்பரேல் என்றதும் மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டார். அப்படிப்பட்ட பெயர் அது. நெப்போலியனோடு போய் ஒரு காலை ரஷ்யப் பனியில் விட்டுவிட்டு வந்த கர்னல் கொம்பரேலுக்குச் சதுக்கத்தில் வெண்கலச் சிலை இருந்தது. ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டிய பிஷப் கொம்பரேல் மாதாகோவிலின் வண்ணக் கண்ணாடியில் நின்றார். சைக்கிள் பந்தயத்தில் ஒரு வருஷம் மலையுச்சியை முதல் ஆளாகத் தொட்ட கொம்பரேலின் போட்டோ காபிக் கடைச் சுவரில் தொங்கியது. ரெமோன் இவர்களில் யாருக்கும் நேர் வாரிசு இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போது மட்டும் அவன் முதுகு கொஞ்சம் நிமிரும்.

யுத்தம் வந்தது. நாற்பதில் சிப்பாயாகப் போன ரெமோன் பிடிபட்டு ஜெர்மனியில் கைதிகள் முகாமுக்குப் போனான். நாற்பத்திரண்டில் கர்னலின் சிலையை உலோகத்துக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கல் பீடமும் அதில் செதுக்கிய பெயரும் மட்டும் மிஞ்சின. நாற்பத்து நாலாம் வருஷம் பிப்ரவரியில் அந்தப் பீடத்தின் மேலேயே ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். காட்டில் ஒளிந்து ஜெர்மன்காரனை எதிர்ப்பவர்களுக்கு ரொட்டி கொடுத்தாலும் மரண தண்டனை என்று போட்டிருந்தது. அடியில் கையெழுத்து: எத்மோன் கொம்பரேல், மாவட்டத் தலைவர். ஜெர்மன்காரனுக்காகச் சொந்த நாட்டு ஆட்களையே வேட்டையாடிய நீலச்சட்டைப் படைக்குத் தலைவர்.

அன்றைக்கு ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றபோது எலீஸுக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விழுந்தது.

அந்த எத்மோனை அவள் பார்த்ததே இல்லை. மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, பத்தேகால் வண்டிக்காக அவள் கேட்டை மூடியிருந்தபோது ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. பக்கத்தில் மாவு மில்லின் வண்டி, இரண்டு கன்னியாஸ்திரிகள், சைக்கிளைப் பிடித்தபடி லா கோம்ப் பண்ணையின் ஒக்தாவி. காரிலிருந்து இறங்கியவன் நாற்பது வயதுக்காரன். தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

"நீங்கதானே ரெமோனோட சம்சாரம்? நான் எத்மோன். உங்க மாமனாரோட தாத்தாவும் எங்க தாத்தாவோட அப்பாவும் அண்ணன் தம்பிங்க. இந்த ஊர்ல எனக்கு இவ்ளோ சொந்தம் இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது."

அவன் குனிந்து அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான், உறவுக்காரன் கொடுப்பதுபோல.

"கசின், ஒண்ணும் கவலப்படாதீங்க. ரெமோன அந்த முகாம்லருந்து எடுக்கறதுக்கு வழி இருக்கு. நான் பாக்கறேன்."

"நன்றிங்க" என்றாள் அவள். வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. ரயில் போனது. அவள் கேட்டைத் திறந்தாள். ஒக்தாவி அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் மில்லுக்குப் பக்கத்துப் பண்ணையில் மூன்று இளவட்டங்களை நீலச்சட்டைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். எலீஸுக்கு அந்தப் பண்ணையில் யார் இருந்தார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனால் காட்டிக்கொடுத்தது இவள்தான் என்று ஊருக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது.

அடுத்த வாரம் தபால்காரர் அல்பேன் ஒரு சின்னப் பார்சலைக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டு நின்றார்.

"பிரிச்சுப் பாக்கலயா மதாம்?"

அவள் நூலை அறுத்தாள். காகிதத்தை முழுக்க விலக்குவதற்கு முன்பே உள்ளே இருப்பது என்னவென்று கைக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கை அளவு சவப்பெட்டி. பைன் மரத்தில் ஒழுங்காக இழைத்து, தார் பூசி, மூடியில் வெள்ளைப் பெயின்டில் 'எ. கொம்பரேல்' என்று எழுதியிருந்தது.

"நூல்கண்டு" என்றாள். "எங்க அக்கா அனுப்பியிருக்கா."

"நல்லது" என்றார் அல்பேன். அவர் நம்பவில்லை என்பது அவர் சைக்கிளில் ஏறிய வேகத்திலேயே தெரிந்தது.

காட்டில் இருப்பவர்கள் துரோகிகளுக்கு அனுப்பும் எச்சரிக்கை அது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நோட்டரி ஆபீஸ் குமாஸ்தாவுக்கு ஒன்று வந்தது. ஜனவரியில் அவனைப் பாலத்தடியில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். எலீஸ் மேஜைமேல் பெட்டியை வைத்து அந்த 'எ'யையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்மோனுக்கும் 'எ'தான். தபாலில் மாறி வந்திருக்கலாம். அவன் விலாசம் தெரியாமல் சொந்தக்காரி விலாசத்துக்கு அனுப்பியிருக்கலாம். இப்படி ஒரு மணி நேரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கசங்கிய காகிதத்தை எடுத்து நீவிப் பார்த்தாள். 'ரயில்வே கேட், லபஸ்தித்' என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

மரவேலை தெரிந்தவன் செய்த பெட்டி. ஊரில் அப்படி இழைக்கத் தெரிந்தவர் வண்டிப்பட்டறை சிப்ரியேன். அவரும் கொம்பரேல்தான். சந்தேகப்பட்டுக்கொண்டே, வேறு யாரிடமும் போக முடியாததால் அவரிடமே போனாள். பட்டறை வாசலில் பெயர்ப்பலகையை வெள்ளையடித்து அழித்திருந்தார். பெட்டியை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தமான வேல. மூலையெல்லாம் அப்படிச் சேந்திருக்கு. பயப்படாத, நான் செய்யல. நான் செஞ்சிருந்தா உன் அளவுக்கே செஞ்சிருப்பேன்."

"இது சிரிக்கற விஷயமா?"

"எனக்கும் ஒண்ணு வந்துச்சு எலீஸ். அதுக்கப்புறந்தான் பலகைல பேர அழிச்சேன். ஆனா அவன் என்னைக் கட்டிப் பிடிக்கல. உன்னத்தான் நாலு பேர் பாக்க முத்தம் குடுத்தான்."

"நான் குடுக்கச் சொன்னேனா?"

"தள்ளிவிட்டியா?"

சிப்ரியேன் பெட்டியை மரத்தூளுக்குள் தள்ளி மறைத்தார். "உன் பொறந்த வீட்டுப் பேர வெச்சுக்க. ஒரு பலகைல எழுதி கேட்ல மாட்டு."

"ரெமோன் கடுதாசி போட்டா எந்தப் பேருக்கு வரும்?"

"அப்ப அந்த எத்மோன் மறுபடி வந்தா மூஞ்சில துப்பு. ஜனங்க பாக்கத் துப்பு."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. துப்புவதற்கு வேண்டிய தைரியம் தன்னிடம் இல்லை என்பதுதான் திரும்பி வரும்போது எலீஸுக்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து ரயில் வராத நேரங்களில் சன்னல் பக்கம் உட்காருவதை நிறுத்தினாள். கிணற்றுக்குப் போகும்போது வாளியை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போனாள். தகர வாளி குண்டைத் தடுக்காது என்று தெரியும். ஆனாலும் பிடித்தாள்.

ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டு நீலச்சட்டைக்காரர்கள் ஒரு கடிதம் கொண்டுவந்தார்கள். ரெமோனின் பெயர் விடுதலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஜூன் மாதத்துக்குள் வீடு வந்துவிடுவான் என்று எழுதியிருந்தது. படித்து முடிக்கும்வரை காத்திருந்து அவர்களில் ஒருவன் சொன்னான்:

"இந்தக் கேட்டத் தாண்டி லா கோம்ப் பக்கம் எந்த வண்டி போகுது, என்ன ஏத்திட்டுப் போகுதுன்னு கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க. தலைவர் வந்து கேப்பாரு. சொந்தக்காரங்களுக்குள்ள தானே."

லா கோம்பில் ஆட்கள் ஒளிந்திருப்பது எலீஸுக்குத் தெரியாமல் இல்லை. ஒக்தாவியின் பண்ணையில் குடும்பம் என்று இருந்தது மூன்று பேர். அவள் சைக்கிள் பின்னால் கட்டிய பெட்டியில் பத்துப் பன்னிரண்டு ரொட்டி போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை கேட்டைத் திறந்து விடுகிறவளுக்கு இது தெரியாதா? யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை. இப்போது சொன்னால் ரெமோன் வருவான். சொல்லாவிட்டால் வர மாட்டான். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சூப்பைக் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சி, கடைசியில் கோழிக்கு ஊற்றினாள்.

பதினெட்டாம் தேதி சாயங்காலம் நாலு மணி இருக்கும். மூணு நாற்பது பாசஞ்சர் போய் அவள் கேட்டைத் திறந்திருந்தாள். ஊர்ப் பாதையில் புழுதி தெரிந்தது. முன்னால் அந்தக் கறுப்புக் கார், பின்னால் இரண்டு லாரி. லாரி நிறைய நீலச்சட்டை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பண்ணைப் பாதையில், ஒக்தாவி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். கேட்டைத் தாண்டினால் அந்தப் பாதை லா கோம்புக்குத்தான் போகும்.

எலீஸின் கை கேட்டுக் கட்டையை இறக்கும் சக்கரத்தைச் சுற்றிவிட்டது. மனசு அதற்குப் பின்னால்தான் வந்தது. இரண்டு பக்கமும் கட்டை இறங்கி, கார் மூக்கை முட்டாத குறையாக நின்றது.

எத்மோன் கண்ணாடியை இறக்கினான். "என்ன கசின், இப்ப என்ன வண்டி?"

"ஜெர்மன் வண்டிங்க." குரல் அவளுடையதாகவே இல்லை. "நேரமெல்லாம் சொல்ல மாட்டாங்க. மூடுன்னு ஸ்டேஷன்லருந்து சொன்னா மூடணும்."

"ரெண்டு நிமிஷம் திறங்க. நாங்க போயிடறோம்."

"வெடிமருந்து ஏத்தின வண்டியாம். திறந்துவிட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னத்தான் சுவத்துல நிக்க வெப்பாங்க."

அது அவனுக்கும் பொருந்தும் என்று அவன் முகத்தில் தெரிந்தது. இறங்கி ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தான். அந்தப் பக்கம் ஒக்தாவி வந்து கட்டையருகே காலை ஊன்றி நின்றாள். லாரிகளைப் பார்த்தாள். பிறகு எலீஸைப் பார்த்தாள், ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நேராக.

"மதாம்," என்று எலீஸ் உரக்கச் சொன்னாள், "வண்டி எப்ப வரும்னு தெரியாது. நிக்காதீங்க. வீட்டுக்குத் திரும்பிப் போயிடுங்க."

ஒக்தாவி சைக்கிளைத் திருப்பினாள். வளைவுவரை மெதுவாகப் போனாள். வளைவுக்கு அப்பால் எப்படிப் போனாள் என்பது எலீஸுக்குத் தெரியவில்லை.

"யாரது?"

"முட்ட விக்கற பொம்பள."

எத்மோன் தலையாட்டினான். ரெமோன் பட்டியலில் மேலே வந்துவிட்டதைச் சொன்னான். கர்னல் சிலைக்குப் பதிலாகப் பளிங்கில் ஒன்று வைக்கப் போவதைச் சொன்னான். அவள் ஆமாம், ஆமாம் என்றாள். லாரியில் யாரோ கொட்டாவி விடுவது கேட்டது. பதினைந்து நிமிஷம் போயிருக்கும். எத்மோன் கடிகாரத்தைப் பார்த்தான். தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு சொன்னான்:

"உள்ள போன் இருக்கில்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் வீட்டுக்குள் போய்விட்டான். எலீஸ் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். ஸ்டேஷன் மாஸ்டர் புஜோல் விதியை அட்சரம் பிசகாமல் பார்ப்பவர். அவளிடம் ஒரு நாளும் சிரித்துப் பேசியதில்லை. வண்டி எதுவும் இல்லை என்பார். அவ்வளவுதான். எங்கே வைத்துச் சுடுவார்கள் என்றுகூட யோசித்துவிட்டாள். கோழிக்கூட்டுச் சுவர் பக்கம் இருக்கும்.

உள்ளே எத்மோனின் குரல் கேட்டது. "ஜெர்மன் வண்டி ஒண்ணு... சரி. ஏன் இங்க சொல்லல? ... எத்தன மணிக்கு ரத்தாச்சு? ... சரி, சரி."

வெளியே வந்தான். "வண்டி ரத்தாம். உங்க ஸ்டேஷன் மாஸ்டருக்கு உங்களுக்குச் சொல்ல நேரமில்லயாம். திறங்க."

புஜோல் ஏன் அப்படிச் சொன்னார் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. பின்னாளில் ஒரு தடவை கேட்கப் போனாள். அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டே, "உன் விளக்குல எண்ணெய் கம்மியா எரியுது, கவனி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லா கோம்பில் அடுப்பின் மேல் கொதிக்கிற சூப் இருந்ததாம். ஒரு ஆளும் இல்லை. கோபத்தில் வைக்கோல் கொட்டகையைக் கொளுத்திவிட்டு லாரிகள் திரும்பிப் போயின. எத்மோன் கேட்டில் நிற்கவில்லை. அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நகரத்தில், பள்ளிக்கூடமாக இருந்த ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். போன் வந்தது, மூடினேன் என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. தைரியத்தால் இல்லை. வேறு எதைச் சொன்னாலும் இன்னும் மோசமாகிவிடும் என்ற பயத்தால். மூன்றாம் நாள் ஒரு புது ஆள் தடியோடு வந்தான். மேஜையில் இருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"கொம்பரேல்? தலைவருக்குச் சொந்தமா?"

ஒரு மாதமாக அந்த உறவை வெறுத்தவள், முதல்முறையாகத் தன் வாயால் சொன்னாள்: "கசின்."

அவன் தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனான். அதற்குப் பிறகு யாரும் அவளைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் எத்மோனே வந்து வாசலில் நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற குமாஸ்தாவிடம் சொன்னான்:

"கொம்பரேல்னு பேர் போட்ட குற்றப் பத்திரம் இந்த ஆபீஸ்ல கிடக்கக் கூடாது. கிழிச்சுப் போடு." பிறகு அவளிடம்: "ரெமோன மறந்துடுங்க. அந்தப் பட்டியல்ல அவன் இனி இல்ல."

முப்பது கிலோமீட்டரை அவள் இரண்டு நாளில் நடந்து வீடு வந்தாள். ஊரில் இது இன்னும் கெட்டதாகப் போயிற்று. அந்த நிலவறையிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் யாரும் இல்லை. இவள் எப்படி வந்தாள்? ஒக்தாவி காட்டுக்குப் போனவள் போனவள்தான். எலீஸுக்காகப் பேச ஒரு நாக்கும் ஊரில் இல்லை.

ஆகஸ்டில் ஜெர்மன்காரர்கள் போனார்கள். மாதாகோவில் மணி அடித்தது. மறுநாள் கையில் விடுதலைப் படைப் பட்டை கட்டிய ஐந்து பேர் ஒரு பட்டியலோடு கேட்டுக்கு வந்தார்கள். போன வாரம்வரை அவர்களில் இரண்டு பேரைக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

"கொம்பரேல், கேட். கெளம்பு."

சதுக்கத்தில் கர்னலின் வெறும் பீடத்துக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எதிரியோடு பழகினவர்கள் என்று ஏற்கெனவே இரண்டு பெண்களுக்குத் தலை மழித்தாகிவிட்டது. கூட்டம் சிரித்தது. ரொட்டிக் கடைக்காரி, தபால்காரர் அல்பேன், கன்னியாஸ்திரிகள்கூட ஓரத்தில் நின்றார்கள். சிப்ரியேன் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலீஸ் உட்கார்ந்தாள். கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் குளிர்ந்தது. முதல் கற்றை மடியில் விழுந்தபோது மூத்திரம் பிரிந்துவிட்டது. அதை யாரும் பார்க்கக் கூடாதே என்று பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எடுடா கைய!"

கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு ஒக்தாவி வந்தாள். காட்டில் நாலு மாதம் இருந்ததில் பாதியாக இளைத்திருந்தாள்.

"யாரு மேலடா கத்தரி வெக்கறீங்க? அன்னிக்கு இவ கேட்ட மூடலன்னா நான் இங்க நிக்க மாட்டேன். என் வீட்ல இருந்த பதினோரு பேரும் நிக்க மாட்டாங்க. இருவது நிமிஷம் அவன நிறுத்தி வெச்சா. அந்தச் சவப்பெட்டிய இவளுக்கு அனுப்பச் சொன்னது நான். ஆமா, நாந்தான். வேணும்னா என் தலைய வழி."

யாரும் சிரிக்கவில்லை. கத்தரிக்கோல்காரன் எலீஸின் தோளில் கிடந்த முடியைத் தட்டிவிட்டான். "தப்பு நடந்துபோச்சு மதாம்" என்றான். ஒக்தாவி அவளை எழுப்பித் தன் மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிவிட்டாள். வீடுவரை கூடவே நடந்து வந்தாள். மறுநாளிலிருந்து எலீஸின் சன்னலடியில் தினமும் பால் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒக்தாவியின் காலடி கேட்டதும் எலீஸின் கண் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. அது கடைசிவரை நிற்கவில்லை.

நவம்பரில் எத்மோனுக்குத் தீர்ப்புச் சொல்லிச் சுட்டார்கள். சிப்ரியேன் மனுப் போட்டுத் தாய்வழிப் பெயருக்கு மாறினார். ஆட்டுக் கொம்பரேல் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். நாற்பத்தைந்து ஜூனில் ரெமோன் வந்தான். நாற்பத்தெட்டுக் கிலோ இருந்தான். ஒரு வாரம் கழித்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வருஷம் முன்னாலேயே அவனை வரவழைத்திருக்க முடியும் என்பதையும் சொன்னாள். அவன் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். பிறகு, "சூப்பு ஆறுது எலீஸ், குடி" என்றான். பெயரை மாற்றலாமா என்று ஒரு தடவை அவள் கேட்டதற்கு, அஞ்சு வருஷம் முகாமில் தினமும் காலையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டுத்தான் தன்னை எண்ணினார்கள் என்றும், இன்னொரு பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தன்னால் முடியாது என்றும் சொல்லிவிட்டான்.

நாற்பத்தேழு அக்டோபரில் ஒரு மத்தியானம், கறுப்பு உடுத்திய ஒரு வயதான அம்மாள் கைப்பையோடு கேட்டுப் பக்கம் நடந்து வந்தாள். சத்திரத்தில் அறை கேட்டிருக்கிறாள். பெயரை எழுதச் சொன்னார்கள், எழுதினாள். அறை இல்லை என்றுவிட்டார்கள். காபிக் கடையிலும் நாற்காலி இல்லையாம்.

"இங்க ஒரு கொம்பரேல் வீடு இருக்குன்னு சொன்னாங்க" என்றாள். "நான் எத்மோனோட அம்மா. அவன எங்க பொதச்சாங்கன்னு கேக்க வந்தேன். பஸ் சாயங்காலம்தான். அதுவரைக்கும் எங்கயாவது உக்காரணும்."

கட்டைக்கு அந்தப் பக்கம் மில்லின் வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு ரொட்டிக் கடையில் மறுபடி இடம் விழும். ஒக்தாவி சன்னலடியில் பால் வைப்பாளா, மாட்டாளா? அந்த அம்மாளின் செருப்பில் ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது. நாற்காலி என்ற வார்த்தையைச் சொன்னபோது அவள் உதடு நடுங்கியதையும் எலீஸ் பார்த்தாள்.

"உள்ள வாங்க, மதாம் கொம்பரேல்" என்றாள். வண்டிக்காரனுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

சிக்கரி காபி போட்டாள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். ரயிலுக்கு மணி அடித்தது. வெளியே போய்ச் சக்கரத்தைச் சுற்றினாள்.

"யாரு மதாம் அது, வந்திருக்கறது?" என்று, போய்விட்டுத் திரும்பி வந்து நின்ற வண்டிக்காரன் கேட்டான்.

"எங்க சொந்தக்காரங்க" என்றாள் எலீஸ். சொல்லிவிட்டு ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கட்டையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு.